குருவியை அழைத்த கடைவீடுகள்

விலங்கின் குரலைக் கற்று, அந்தக் குரலாலேயே அதை வரவழைப்பது வேட்டையின் பழைய வித்தை. வட அமெரிக்காவில் எல்க் மானுக்கு ஊதுகுழல் என்றால், மலாயாவில் காட்டுப் புறாவுக்கு மூங்கில் குழல். 'பூலோ டெக்குட்' எனப்படும் அந்தக் குழலைப் பற்றி ஆங்கிலேய மானுடவியலாளர் ஸ்கீட் 1900இல் வெளியிட்ட 'மலாய் மேஜிக்' நூல் விரிவாகச் சொல்கிறது.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இந்த வித்தை ஒலிபெருக்கிக்குள் புகுந்தது. இலக்கு, உமிழ்நீரால் கூடு கட்டும் உழவாரக் குருவி. அந்தக் கூடுதான் சீனர்களின் விலையுயர்ந்த சூப்.

1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி, 2000 முதல் வாடகை ஏறவே, பழைய குடிகள் வெளியேறினர். காலியான கடைவீடுகள் பலவற்றின் சன்னல்கள் அடைபட்டன. குருவி நுழைய ஒரு திறப்பு மட்டும் மிஞ்சியது. வெளியே ஒரு பதிவு கூவி அழைக்கும்; உள்ளே வேறொரு பதிவு, வந்த பறவையைத் தங்கவைக்கும். இருட்டிலும் 'டிக் டிக்' ஒலியின் எதிரொலி கொண்டு வழி கண்டுபிடிக்கும் பறவைக்கு அந்த அறைகள் குகைக்கு நிகர்.

மனிதர் வாழ்ந்த வீடுகளுக்கு அது பெருங்கேடு. ஈரமும் எச்சமும் சுண்ணாம்புச் சுவர்களை அரித்தன. ஓயாத கீச்சொலி அக்கம்பக்கத்தாரின் தூக்கத்தைக் கெடுத்தது. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்ததும் எதிர்ப்பு வலுத்தது. பாரம்பரிய வட்டாரத்துக் குருவி வீடுகளை 2013 இறுதிக்குள் அகற்ற மாநில அரசு கெடு விதித்தது.