ஒரு கரை, இரு துறைமுகங்கள்

இரு பொருள்களை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதும் மாணவர்கள் பலர் ஒரு பிழை செய்வதுண்டு. ஒன்றின் பழமையையும் மற்றொன்றின் பயனையும் எழுதிவிட்டு, இரண்டும் வெவ்வேறானவை என்று முடித்துவிடுவர். ஒரே கேள்வியை இரண்டிடமும் கேட்டால்தான் அது ஒப்பீடாகும். வரலாறு எழுதுவோர்க்கும் இவ்விதி பொருந்தும். ஏறத்தாழ 24 கிலோமீட்டர் இடைவெளியில் ஒரே கரையில் நிற்கும் சென்னைத் துறைமுகத்தையும் எண்ணூர்த் துறைமுகத்தையும் இவ்வாறு மூன்று கேள்விகளால் அளந்து பார்ப்போம்.

இவை ஏன் தோன்றின என்பது முதற்கேள்வி. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, மனிதரும் சரக்கும் மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து கரையேறினர். ஆணியின்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகுகள் அவை. 1861-இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று அமைந்தும் குறை தீரவில்லை. 1875-இல் இங்கிலாந்து இளவரசர் நினைவுக்கல் நாட்ட, மறு ஆண்டு அலைதடுப்புச் சுவர்களின் வேலை தொடங்கிற்று. 1881 நவம்பர்ப் புயல் அவற்றைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். வணிகத்தின் தேவையே இத்துறைமுகத்தின் தாய்.

எண்ணூரின் தாய் நிலக்கரி. வடசென்னை அனல்மின் நிலையத்திற்கு நிலக்கரி இறக்கவும், பழைய துறைமுகத்தின் சுமையைக் குறைக்கவும் எண்ணி அமைத்த அத்துறைமுகம் 2001 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இந்தியப் பெருந்துறைமுகங்களுள் நிறுமச் சட்டத்தின்கீழ் அமைந்த முதலாவது அது. 2014-இல் காமராசர் பெயரைப் பெற்றது. ஆக, பிறப்பில் இரண்டும் வேறு வேறு.

கடலை எவ்வாறு எதிர்கொண்டன என்பது இரண்டாம் கேள்வி. நம் கரையோரத்தில் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் சிறிது தெற்கே சென்றாலும், ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அது வடக்கு நோக்கியே நகர்கிறது. குறுக்கே சுவர் எழுந்தால் தென்புறத்தில் மணல் குவியும். வடபுறம் மணலின்றிப் பசித்திருக்க, அலை நிலத்தைத் தின்னும். சென்னைத் துறைமுகத்திற்குத் தெற்கே மெரினா அகன்று வளர்ந்தது இவ்வாறுதான். கிழக்கு நோக்கியிருந்த வாயிலையும் மணல் தூர்க்கவே, 1904-இல் தலைமைப் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதனை அடைத்து வடகிழக்கில் புதுவாயில் திறந்தனர். அக்காலப் பொறியாளர் பட்டறிவால் கற்ற பாடம் இது.

எண்ணூரைக் கட்டியோர்க்கு அப்பாடம் முன்னரே தெரியும். ஒரு நூற்றாண்டுப் பட்டறிவும் ஆய்வுக்கூடக் கணக்குகளும் அவர்கள் கையில் இருந்தன. தோண்டியெடுத்த மணலில் ஒரு பகுதியைக் கரைக்கே ஊட்டமாக இட்டனர். அறிவில் இரண்டாவது முன்னேறியதே என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் அங்கும் சுவருக்கு வடக்கே கரை அரிப்பு ஏற்படாமல் இல்லை.

விலை கொடுத்தவர் யார் என்பது மூன்றாம் கேள்வி. இதைக் கேட்கும்போது வேற்றுமைகள் மங்கத் தொடங்குகின்றன. இராயப்பரின் பெயர் தாங்கிய இராயபுரத்தில், அவர் ஆலயம் படகுச் சமூகத்தாரின் பொருளால் எழுந்தது என்பது ஊர் மரபு. கப்பல்கள் சுவருக்குள் நின்றபின் அப்படகோட்டிகளின் தொழில் மறைந்தது. பின்னர்க் கரையும் கரைந்தது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை இன்று பல இடங்களில் மணலைக் காணோம். கருங்கற்களே குவிந்து கிடக்கின்றன. கட்டுமரத்தை இழுத்து வைக்கவும் வலையை உலர்த்தவும் மீனவனுக்கு இடமில்லை.

நிலக்கரித் தூசு குறித்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2011-இல் அளித்த தீர்ப்பால், சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத்தாது ஆகியவற்றைக் கையாள்வது நின்றது. இராயபுரத்தார் மூச்சுவிட்டனர். ஆனால் நிலக்கரி மறையவில்லை, எண்ணூருக்கு இடம்பெயர்ந்தது. 2017 சனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்தின் அருகே இரு கப்பல்கள் மோதின. கடலில் கசிந்த எண்ணெய் எர்ணாவூர்க் கரையில் கறுப்புச் சேறாய் ஒதுங்கிற்று. இளைஞரும் மீனவரும் வாளிகளால் அதனை அள்ளினர். 2020-இல் எண்ணூர்த் துறைமுகத்தில் நடுவண் அரசுக்கிருந்த பங்குகளைச் சென்னைத் துறைமுகமே வாங்கியதால், உடைமையிலும் இரண்டும் நெருங்கிவிட்டன.

பிறப்பு வேறு, காலம் வேறு, அறிவு வேறு. சுமை இறங்கிய இடம் மட்டும் ஒன்றே. அது சுவருக்கு வடக்கே வாழும் எளியோரின் தோள். வயதையும் பயனையும் மட்டும் ஒப்பிட்டிருந்தால் இவ்வுண்மை நம் கண்ணுக்குப் படாமலே போயிருக்கும்.

துறைமுகங்கள் வேண்டாம் என்பதன்று நம் முடிவு. அவை தந்த வேலையால் இதே கரையில் எத்தனையோ குடும்பங்கள் உண்டு உயிர்த்தன. 1876-இல் கட்டியவர்கள் அறியாமல் செய்தனர் என்று சொல்லி அவர்களை ஓரளவு மன்னிக்கலாம். இனிக் கட்டுவோர்க்கு அந்தச் சலுகை இல்லை. அடுத்த சுவரின் முதற்கல் கடலில் விழுமுன், அதற்கு வடக்கே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்பதே இவ்விரு துறைமுகங்களையும் ஒப்பிட்டுக் கற்றவரின் கடமை.