ஆம்பூலும் ஆயத்த சிரிஞ்சும்

முதுகுத்தண்டில் மரப்பூசி போட்டுச் சிசேரியன் செய்யும்போது தாயின் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது அடிக்கடி நடப்பது. அதை ஏற்ற ஃபினைல்எஃப்ரின் கொடுப்பார்கள். ஒரு தடவைக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் போதும். ஆனால் 1 மில்லி ஆம்பூலில் இருப்பதோ 10 மில்லிகிராம். குறைந்தது நூறு தடவைக்கான மருந்து.

எனவே நூறு மடங்கு டைலூட் செய்தாக வேண்டும். ஆம்பூலை உடைத்து, சலைன் சேர்த்து 10 மில்லி ஆக்கி, அதில் 1 மில்லியை எடுத்து மறுபடி 10 மில்லி ஆக்குவது ஒரு வழக்கம். அவசரத்தில் இரண்டாம் படி விட்டுப்போனால் தாயின் உடம்பில் ஏறுவது பத்து மடங்கு. ஒருமுறை கலந்ததும் இருமுறை கலந்ததும் நிறமற்ற திரவமே. பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

மருந்து நிரப்பியே வரும் ஆயத்த சிரிஞ்சில் இந்தக் கணக்கை ஆலையே முடித்துவிடுகிறது. மில்லிக்கு 100 மைக்ரோகிராம் என்று அச்சிட்ட லேபிளோடு வருகிறது. கண்ணாடித் துகள் மருந்தில் விழும் பயமும் இல்லை.

பாஸ்டனின் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 277 அறுவை சிகிச்சைகளை நேரில் கவனித்த ஆய்வொன்று 2016இல் வெளியானது. 3,671 முறை மருந்து கொடுத்ததில் 193 முறை பிழையோ பாதிப்போ நேர்ந்திருந்தது. எல்லாமே ஆம்பூலின் குற்றமல்ல. ஆனால் லேபிள் பிழையும் அளவுப் பிழையும் அதில் முன்வரிசையில் இருந்தன. ஆயத்த சிரிஞ்ச் குறைக்கக்கூடியவை இவைதாம்.

மறுபக்கமும் உண்டு. தியேட்டரில் ஒருவர் தவறினால் ஒரு நோயாளிக்கு ஆபத்து. தயாரிக்கும் இடத்தில் தவறினால் பல ஊர்களுக்கு. 2012இல் நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் என்ற மருந்து தயாரிப்பு நிறுவனம் அனுப்பிய ஸ்டீராய்டு குப்பிகளில் பூஞ்சை கலந்து, அமெரிக்காவில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவை சிரிஞ்ச் அல்ல. இருந்தும் வாங்குமிடத்தின் தரத்தைத் துருவிப் பார்க்காமல் வாங்கக்கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். லேபிளைப் படிக்கும் கடமையும் ஆம்பூல், ஆயத்த சிரிஞ்ச் இரண்டிலும் ஒன்றே.

ஆயத்த சிரிஞ்ச் விலை கூடுதல் என்பார்கள். உண்மைதான். ஆனால் "எதற்கும் இருக்கட்டும்" என்று காலையில் நிரப்பி, பயன்படாமல் மாலையில் கொட்டும் அவசர மருந்தை அந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. உறை பிரிக்காத ஆயத்த சிரிஞ்ச் காலாவதி வரை அடுத்த நோயாளிக்காகக் காத்திருக்கும்.

ஒண்டான்செட்ரான்போல ஆம்பூலிலிருந்து அப்படியே கொடுக்கும் மருந்துக்கு இந்தச் செலவு தேவையில்லை. கொஞ்சம்தான் வாங்க முடியும் என்றால், ஒரே மயக்க மருத்துவர் இரவு முழுதும் நிற்கும் பிரசவ தியேட்டருக்கு முதலில் ஃபினைல்எஃப்ரின் ஆயத்த சிரிஞ்சை வாங்கிக் கொடுங்கள்.