பந்தியில் புரை ஏறினவருக்கு யார் தண்ணி கொடுப்பது?

மேட்டூர் அனல் மின் நிலையத்தை சேலம், நாமக்கல் பக்கம் இருக்கிறவங்க பஸ்ஸில் போகும்போதாவது பார்த்திருப்பீங்க. 1987-க்கும் 1990-க்கும் நடுவில் அங்கே நாலு யூனிட் வந்தது, ஒவ்வொன்றும் 210 மெகாவாட். டர்பைன் நிமிஷத்துக்கு 3000 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 20 மில்லி செகண்ட். இந்த 20-ஐ ஞாபகம் வச்சுக்கோங்க.

இன்னைக்குக் கேள்வி இதுதான்: ஆலையை ஓட்டுற கன்ட்ரோலருக்குள்ள பல வேலை இருக்கும்போது, எதை எப்போ ஓட்டறது?

முதல் பதிலைச் சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்காவின் டிக் மார்லி. 1968 புத்தாண்டு அன்னைக்கு அவர் எழுதின குறிப்பில் இருந்து வந்ததுதான் மோடிகான் 084. அவர் விதி: இடையில் புகுந்து வேலையை நிறுத்துற இன்டரப்டே வேண்டாம். சென்சாரைப் படி, ப்ரோக்ராமை ஓட்டு, அவுட்புட் கொடு, மறுபடி முதலில் இருந்து. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி இலை இலையா போற மாதிரி. யாருக்கு எப்போ வரும்னு எல்லாருக்கும் தெரியும். ரிலே போர்டில் பழகின எலக்ட்ரீஷியனுக்கும் புரியும். அந்த எளிமையாலதான் இன்னைக்கும் இந்த ஸ்கேன் முறை சாகலை.

ஆனா 1969-ல் நிலாவுக்குப் போன அப்போலோ 11 கம்ப்யூட்டர் நேர் எதிர் வழியில் போச்சு. ஹால் லேனிங் வடிவமைச்ச அந்த மென்பொருளில் ஒவ்வொரு வேலைக்கும் முன்னுரிமை எண் உண்டு. இறங்குறப்ப சுமை தாங்காம 1202 அலாரம் அடிச்சது. கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, அவசியமான வேலையை மட்டும் தொடர்ந்தது.

சரி, யாருக்கு முன்னுரிமை? 1973-ல் லியூ, லேலண்ட் ரெண்டு பேரும் கணக்குப் போட்டுக் காட்டினாங்க: குறைஞ்ச இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓட வேண்டிய வேலைக்கே முதலிடம். 'முக்கியமான' வேலைக்கு இல்லை! பந்தியில் மாப்பிள்ளையோட அப்பா முக்கியமானவர்தான், ஆனா புரை ஏறின குழந்தைக்குத்தானே முதல் தண்ணி? மூணு வேலை இருந்தா, ப்ராசஸர் நேரத்தில் சுமார் 78 சதவீதத்துக்குள்ள நின்னா எதுவும் தாமதமாகாதுன்னும் நிரூபிச்சாங்க.

1993-ல் வந்த, இன்னைக்கு ஐஇசி 61131-3 என்கிற தரநிலை இதையெல்லாம் சேர்த்துக்கிச்சு: டாஸ்க், அதன் இடைவெளி, அதை எழுப்புற நிகழ்வு, முன்னுரிமை எண். பூஜ்யம்தான் உச்சம்.

இப்போ மேட்டூருக்கு வருவோம். இது நம்ம கணக்கு, அங்கே எப்படி வச்சிருக்காங்கன்னு சொல்லலை. மின்தொடர்பு திடீர்னு அறுந்தா டர்பைன் வேகம் ஏறும். 100 மில்லி செகண்ட் ஸ்கேனில், சென்சாரைப் படிச்ச அடுத்த நொடியே வேகம் எல்லை தாண்டுச்சுன்னா, கன்ட்ரோலர் வாயைத் திறக்க கிட்டத்தட்ட ரெண்டு ஸ்கேன் ஆகும். பத்து சுற்று போயிடும். அதனாலதான் ஓவர்ஸ்பீடுக்குத் தனியா பாதுகாப்புக் கருவியே வைக்கிறாங்க. நிலக்கரி பங்கர் அளவுக்கு ஒரு செகண்ட் ஒண்ணுமே இல்லை.

என் பழக்கம்: முதல்ல எல்லாத்தையும் ஒரே ஸ்கேனில் எழுதி, நேரத்தை அளக்கிறேன். தாங்காததை மட்டும் 10 மில்லி செகண்ட் டாஸ்குக்கு மாத்துவேன். பிரிச்சதும் புதுத் தலைவலி ஒண்ணு வரும்: மெதுவான டாஸ்க் அழுத்தத்தைப் படிச்சு முடிச்சு, வெப்பத்தைப் படிக்கிறதுக்குள்ள வேகமான டாஸ்க் உள்ளே புகுந்து ரெண்டையும் மாத்திடும். பழைய அழுத்தம், புது வெப்பம். அதனால மெதுவான டாஸ்க்குக்குன்னு ஒரு நகல் வச்சு, மெதுவான டாஸ்க் கேட்கும்போது மட்டும் வேகமான டாஸ்க் அந்த நகலை எழுதுற மாதிரி அமைக்கிறேன்.