பட்டைக்கு விலை, புல்லுக்கு இல்லை

கொடைக்கானல் பைன் காட்டுக்கு வெளியே வேன்கள் வரிசைகட்டி நிற்கின்றன. மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்று, சுட்ட சோளம். உள்ளே, வேர் புடைத்துக் கிடக்கும் நெட்டை மரங்களுக்கு நடுவே புதுமணத் தம்பதிகள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். மலைக்காடு என்றால் இதுதான் என்று நம்பி ஊர் திரும்புகிறார்கள். அந்தப் பைன் இந்த மலைக்குச் சொந்தமே இல்லை.

பழனி மலையின் மேல்மட்டம் பெரும்பாலும் புல்வெளியாகத்தான் இருந்தது. ஓடை பிறக்கும் மடிப்புகளிலும் பள்ளங்களிலும் மட்டும் குட்டையான, அடர்ந்த சோலை. 1845இல் மதுரையின் அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டியபோது கண்ட காட்சி அது. ஆங்கிலேய ஆட்சியாளர் கணக்கில் மரம் நின்றால் காடு, பயிர் நின்றால் வரி. இரண்டும் இல்லாவிட்டால் தரிசு. விடுதலைக்குப் பிறகு கணக்குப்பிள்ளை மாறினார், கணக்கு மாறவில்லை.

அந்தத் 'தரிசு' எப்படிக் காசாக மாறியது என்பதை அறிய மலையடிவாரத்துத் திண்டுக்கல்லுக்கு இறங்கி வர வேண்டும். அங்கே தோல் பதனிடும் ஷாப்புகள் ஏராளம். ஆவாரம்பட்டையில் ஊறவைத்துத் தோலைப் பதனிடுவது தமிழ்நாட்டின் பழைய தொழில்முறை. ஏற்றுமதி பெருகியதும் ஆவாரை போதவில்லை. தோலைப் பதப்படுத்தும் டானின் மிகுந்த வாட்டில் மரப்பட்டை தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. 1946இல், இந்தியர்களை ஒதுக்கிய சட்டத்தைக் கண்டித்து இந்தியா அந்த நாட்டோடு வணிகத்தை முறித்துக்கொண்டது. பட்டையை நம் மலையிலேயே வளர்த்தால் என்ன என்ற யோசனைக்கு வலு கூடியது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருந்த இந்தியர்களின் மானத்துக்கும் பழனி மலைப் புல்லுக்கும் இப்படியும் ஒரு முடிச்சு!

ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் வனத்துறை புல்வெளிகளில் குழி தோண்டி ஆஸ்திரேலிய வாட்டிலையும் யூகலிப்டஸையும் வரிசை வரிசையாக நட்டது. வெட்டிய வாட்டிலின் பட்டையை உரித்துத் தோல் ஷாப்புகளுக்கு அனுப்பினார்கள். 1970களில் அரசு, அரைப்பதத் தோலுக்குப் பதிலாக முழுதும் பதனிட்ட தோலையே ஏற்றுமதி செய்யச் சொன்னது. குரோம் முறை பரவியது, பட்டையின் மவுசு குறைந்தது. ஆனால் மரத்துக்கு வேறு வாடிக்கையாளர் இருந்தார்: ரேயான் இழைக்கும் காகிதத்துக்கும் கூழ் தேவைப்பட்டது. ஆலைகளுக்குச் சலுகை விலை. காட்டைக் காப்பவரே காட்டை விற்பவராகவும் இருந்தால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1985இல் பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் உருவானது. 1988இன் தேசிய வனக்கொள்கை, ஆலைகளுக்குச் சலுகை விலையில் காட்டுப் பொருளைத் தரும் வழக்கம் நிற்க வேண்டும் என்று எழுதியே வைத்தது. நடுவது நின்றாலும் வாட்டில் நிற்கவில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டு உயிரோடு கிடக்கும்; மேலே மரத்தை வெட்டி வெயில் பட்டால் நூறாய் முளைக்கும்.

2013இல் சுமார் 609 சதுர கிலோமீட்டர் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமானது. ஐந்தாண்டு கழித்து, செயற்கைக்கோள் படங்களை அலசிய ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள்: நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் 66 சதவீதம் போய்விட்டது, சோலையில் போனது 31 சதவீதம். அதாவது, 'காடு அழிகிறது' என்று எல்லோரும் மரத்துக்காக அழுதுகொண்டிருந்தபோது அதிகம் அழிந்தது புல். அதே 2018இல் குறிஞ்சி பூத்தது; பார்க்கக் கூட்டமும் வந்தது. குறிஞ்சி பூப்பது புல்வெளியில்தான் என்பதை எத்தனை பேர் கவனித்தார்களோ.

அந்நிய மரங்களை அகற்ற நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வாட்டிலை வெட்டினால் லாரியில் ஏற்றிக் காசாக்கலாம். அதன் பிறகு வருவதுதான் உண்மையான வேலை. வருஷா வருஷம் முளைக்கும் வாட்டில் நாற்றைக் கையால் பிடுங்க வேண்டும், மலைப்புல்லைத் தூர் தூராக நட வேண்டும். எல்லாம் கூலிச் செலவு. வரவுப் பத்தியில் எழுத ஒன்றும் கிடையாது.

வரவு கீழே இருக்கிறது. மலை மழையை உறிஞ்சி வைத்து, புல்லும் கரிய மண்ணும் மெல்ல மெல்லக் கசியவிடும் தண்ணீர் ஓடையாகி வரதமாநதி அணைக்கு இறங்குகிறது. அணைக்குப் பக்கத்தில்தான் கொய்யாவுக்குப் பேர்போன ஆயக்குடி. தோட்டக்காரர் உரத்துக்கும் வண்டி வாடகைக்கும் காசு கொடுக்கிறார். மேலே இருக்கும் புல்லுக்கு அவர் எதுவும் கொடுத்ததில்லை, கேட்டவரும் இல்லை.