விருந்தினரும் இசைக்குழுவும்: லைப்சிக் நகர வரலாற்றிலிருந்து சில சிந்தனைகள்

மேனாட்டுச் செவ்வியல் இசையில், ஒரு நகரத்தின் நிலையான இசைக்குழு வெளியிலிருந்து தனிக்கலைஞர் ஒருவரை அழைத்து, அவரோடு இணைந்து இசைப்பது நெடுநாள் வழக்கம். குழுவினர் ஆண்டு முழுவதும் அவ்வூரிலேயே இருந்து உழைப்பவர்கள். விருந்தினரோ ஓரிரு நாள் தங்கிச் செல்பவர். ஆயினும் மேடையில் இருவரும் ஒரே சுருதிக்கு உட்பட வேண்டும். இவ்வழக்கம் சிறப்புற வளர்ந்த இடங்களுள் ஜெர்மனியின் சாக்சனி நாட்டு லைப்சிக் நகரம் குறிப்பிடத்தக்கது. தமிழ்த் திருச்சபையின் வரலாற்றோடும் தொடர்புடைய நகரம் அது. ஆகவே அதன் இசை வரலாறு நமது சிந்தனைக்கும் உரியதாகிறது.

1. வணிகர் நகரின் இசைக்குழு

யோஹான் செபாஸ்டியன் பாக் 1723 முதல் 1750 வரை லைப்சிக் புனித தோமா ஆலயத்தின் இசைத் தலைவராகப் பணியாற்றினார். அவர் வாழ்ந்த காலத்திலேயே, 1743இல், அந்நகரத்தார் பதினாறு பேர் பொருளுதவி செய்து, பதினாறு இசைவாணரைக் கொண்ட குழுவொன்றை ஏற்படுத்தினர். அரசவையின் தயவால் அன்றி, குடிமக்களின் முயற்சியால் தோன்றிய குழு அது. தொடக்கத்தில் ஒரு விடுதியில் இசைத்துவந்த இக்குழு, 1781இல் துணி வணிகர் மாளிகையில் அமைக்கப்பட்ட புதிய அரங்கிற்குக் குடிபெயர்ந்தது. அம்மாளிகையின் ஜெர்மானியப் பெயரான ‘கெவாண்ட்ஹவுஸ்’ என்பதே குழுவின் பெயராகவும் நிலைத்தது. 1789 மே மாதத்தில் மோட்சார்ட் அங்கு வந்து இசைத்தார்.

2. மெண்டல்சோனின் விருந்தோம்பல்

1835இல் பீலிக்ஸ் மெண்டல்சோன் குழுவின் தலைமையை ஏற்றார். யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், 1816இல் ஏழு வயதில் திருமுழுக்குப் பெற்றவர். பாக் இயற்றிய மத்தேயு பாடுகள் இசையை 1829இல் பெர்லினில் மீண்டும் ஒலிக்கச் செய்து, மறதியிலிருந்து மீட்டவர். அவருடைய தலைமையில் விருந்தினர் பலர் லைப்சிக் வந்தனர். அவ்வூரிலேயே பிறந்த கிளாரா வீக், பதினாறு வயதில், தாமே இயற்றிய பியானோ கன்செர்ட்டோவை 1835 நவம்பரில் குழுவோடு இசைத்தார். அங்கேரி நாட்டு யூதச் சிறுவனான யோசப் யோவாக்கிம் 1843இல், பன்னிரண்டு வயதில், வயலினோடு அம்மேடை ஏறினான். அவனுக்குப் பியானோவில் பக்கத்துணையாக அமர்ந்தவர் மெண்டல்சோனே.

விருந்தினருக்கும் ஊராருக்கும் இடையே பிணக்கு ஏற்பட்டதும் உண்டு. 1840 மார்ச்சில் பிரான்ஸ் லிஸ்ட் வந்தபோது நுழைவுக் கட்டணம் உயர்த்தப்பட்டது; இலவசச் சீட்டுகள் நிறுத்தப்பட்டன. ஊரார் சினமுற்றனர். அப்போது மெண்டல்சோன் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. சுமார் 350 பேரைக் கெவாண்ட்ஹவுஸ் அரங்கிற்கு அழைத்து, லிஸ்டைச் சிறப்பித்து விருந்தளித்தார். அன்று பாக்கின் மூன்று பியானோக்களுக்கான கன்செர்ட்டோவை லிஸ்டும் ஹில்லரும் மெண்டல்சோனும் சேர்ந்து இசைத்தனர். புகழ்பெற்ற விருந்தினர் தனித்து நில்லாமல் மூவருள் ஒருவராய் அமர்ந்ததே அவ்விரவின் சிறப்பு எனலாம்.

1845 டிசம்பர் 4ஆம் நாள் சுவீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்ட் அங்கே பாடினார். மறுநாளே, இசைக்குழுவினரின் விதவையருக்கான நிதிக்கென இன்னொரு நிகழ்ச்சியிலும் பாடினார். பாராட்டைப் பெற வந்தவர், தமக்குப் பின்னால் அமர்ந்து வாசிப்போரின் குடும்பங்களையும் நினைவுகூர்ந்தார்.

3. விருந்தளித்தவரே அந்நியரானார்

மெண்டல்சோன் 1847இல் மறைந்தார். மூன்று ஆண்டுகளுக்குள், 1850இல், லைப்சிக்கிலேயே வெளிவந்த ஓர் இசைப் பத்திரிகையில், யூதர் இசையுலகிற்கு அந்நியர் என்று பழிக்கும் கட்டுரை ஒன்று புனைபெயரில் வெளியாயிற்று. எழுதியவர் ரிச்சர்ட் வாக்னர். 1869இல் தம் சொந்தப் பெயரிலேயே அதனை மீண்டும் வெளியிட்டார். மெண்டல்சோனின் திருமுழுக்கோ, பாக்கை மீட்டளித்த பணியோ அவர் பார்வையில் பிறப்பை மாற்றவில்லை.

இந்நச்சு விதை முளைத்து மரமான காலம் 1933. கெவாண்ட்ஹவுஸ் குழுவின் தலைவராயிருந்த புரூனோ வால்ட்டர், யூதர் என்பதனால் அவ்வாண்டு மார்ச்சில் இசை நடத்தத் தடுக்கப்பட்டார். 1892இல் அரங்கின் முன் நிறுவப்பட்டிருந்த மெண்டல்சோன் சிலை, 1936 நவம்பரில் ஓர் இரவில் அகற்றப்பட்டது. அச்சமயம் லண்டன் பில்ஹார்மோனிக் இசைக்குழு விருந்தினராய் அந்நகருக்கு வந்திருந்தது என்பது வரலாற்றின் கசப்பான முரண். நகர மேயர் கார்ல் கெர்டலர் அப்போது வெளியூர் சென்றிருந்தார். திரும்பியதும் சிலையை மீண்டும் நிறுவ வற்புறுத்தினார். இயலாமற்போகவே பதவி துறந்தார். ஹிட்லருக்கு எதிரான முயற்சியில் பங்குகொண்டதற்காக 1945 பிப்ரவரியில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அந்நாளில் திருச்சபை எந்நிலையில் இருந்தது? 1933 செப்டம்பரில் பழைய பிரஷ்ய ஐக்கியச் சபையின் சினட், யூத வழிவந்த ஆயர்களை ஊழியத்தினின்று விலக்கும் விதியை ஏற்றது. அதனை எதிர்த்த ஆயர்களும் இருந்தனர். 1934இல் எழுந்த பார்மன் அறிக்கை கிறிஸ்துவின் ஆளுகையைத் தெளிவாக அறிக்கையிட்டது. ஆயினும் யூதரைக் குறித்து ஒரு சொல்லும் அதில் இல்லை. திருமுழுக்குப் பெற்றவரிடத்தும் பிறப்பைத் துருவிப் பார்க்கும் சபை, தன் நற்செய்தியைத் தானே மறுக்கிறது.

4. நமக்கு

இதனை ஜெர்மானியர் குற்றம் என்று கூறி நாம் விலகிவிட முடியாது. 1836இல் டிரெஸ்டனில் தோன்றிய லுத்தரன் மிஷன், 1848இல் லைப்சிக்கிற்கு இடம்பெயர்ந்தது. அதன் இயக்குநர் கார்ல் கிரௌல் தமிழகம் வந்து தமிழ் கற்றார். திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1856இல் வெளியிட்டார். விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமே வகுத்த நூல் அது. அவருடைய தமிழ்ப்பற்று போற்றுதற்குரியது. எனினும் சாதியைச் சமுதாய வழக்கமாகக் கருதி, சபையில் அதனிடம் மென்மையாய் நடந்துகொள்ளும் நிலையை லைப்சிக் மிஷன் மேற்கொண்டது; பிற மிஷன்கள் அதனை வன்மையாகக் கண்டித்தன. ஒரே ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து எழுந்தோர், ஒரே ஆலயத்தில் வெவ்வேறு பக்கங்களில் அமர்ந்த வரலாறு நம்முடையது. அது முற்றிலும் பழங்கதையாகிவிட்டது என்று கூறத் துணிவோர் யார்?

நம் சபைகளும் கன்வென்ஷன் நாட்களில் வெளியூர்ச் செய்தியாளரையும் பாடகரையும் அழைக்கின்றன. மாலையிட்டு வரவேற்பதோடு நம் கடமை முடிவதில்லை. அழைக்கப்பட்டவர் ஜென்னி லிண்டைப் போல, தாம் சென்றபின் அங்கே தங்கி உழைப்போரை நினைக்கிறாரா? அழைப்போராகிய நாம், மேடை விருந்தினருக்குக் காட்டும் மதிப்பைக் கடைசி வரிசையில் அமரும் உடன்விசுவாசிக்குக் காட்டுகிறோமா? அந்நியரை உபசரிக்கக் கூறும் எபிரேயர் 13:2 புகழ்பெற்றோரை மட்டும் குறிக்கவில்லை.

2008இல் மெண்டல்சோன் சிலையின் மறு உருவம் லைப்சிக்கில் நிறுவப்பட்டது. பாக் பணியாற்றிய தோமா ஆலயத்தின் அருகே அது நிற்கிறது. எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு நகரம் தன் மகனைத் திரும்ப ஏற்றுக்கொண்டது. கிறிஸ்து நம்மை ஏற்றுக்கொண்டதுபோல் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளப் பணிக்கும் ரோமர் 15:7, அத்தனை காலம் காத்திருக்க நமக்கு இடந்தரவில்லை.