யுங்லோ பேரரசர் கொச்சிக்கு அளித்த மலை

1402-இல் தம் அண்ணன் மகனைப் போரில் வீழ்த்திச் சீனத்தின் அரியணையைக் கைப்பற்றிய மிங் மரபின் மூன்றாம் பேரரசர் யுங்லோ, அந்த அரியணைக்கு அயல்நாட்டு மன்னர்களின் ஏற்பையும் வேண்டினார். 1405 முதல் தளபதி செங் ஹேயின் தலைமையில் அவர் அனுப்பிய பெருங்கப்பல் அணிகள் மலையாளக் கரையைத் தொட்டதற்கு மிளகைப் போலவே அதுவும் ஒரு காரணம். இன்றைய மட்டாஞ்சேரியைத் தன் கரையில் கொண்ட கொச்சித் துறைமுகமோ அப்போது புதியது. அதை ஆண்ட பெரும்படப்பு சுவரூபம் எனும் அரசகுடி, கோழிக்கோட்டுச் சாமூதிரியின் நெருக்குதலுக்கு அஞ்சி, வலிய துணை ஒன்றை நாடி நின்றது.

1416-இல் பேரரசர் கொச்சி மன்னருக்கு முத்திரை வழங்கியதோடு, அந்நாட்டு மலை ஒன்றை 'நாடு காக்கும் மலை' என அறிவித்து, அங்கு நிறுவுவதற்கெனத் தம் பெயரால் கல்வெட்டு வாசகமும் அனுப்பினார். ஓர் அயல்நாட்டு மலையைச் சீனப் பேரரசின் சடங்கு வரிசையில் சேர்க்கும் இச்சிறப்பை அவர் மலாக்கா, ஜப்பான், புருனே, கொச்சி ஆகிய நான்கு நாடுகளுக்கே அளித்தார். கொச்சியைவிடப் பெரிய துறைமுகமான கோழிக்கோட்டுக்கு அது கிட்டவில்லை என்பதில், சாமூதிரிக்கு எதிர் எடை வைக்கும் அரசியல் கணக்கைக் காண முடிகிறது.

மிங் மரபின் அரசு வரலாறு காத்துவைத்துள்ள அவ்வாசகம், கொச்சி மக்களுக்குக் குடியிருக்க வீடும், வயிறார மீனும், உடுக்கப் போதிய துணியும் உண்டு என்று மகிழ்கிறது. ஆனால் செங் ஹேயின் கப்பலில் மொழிபெயர்ப்பாளராக வந்த மா ஹுவான், மிளகை வாங்கிச் சேமித்துப் பெருவணிகர்களுக்கு விற்ற செட்டிகளைப் பற்றி எழுதிய அதே கையால், கடலோர முக்குவரைப் பற்றியும் எழுதினார். அவர்களுடைய வீட்டு இறவாரம் மூன்று சீன அடிக்கு, அதாவது ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு, மேல் உயர்ந்தால் குற்றம். ஆடை தொப்புளுக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் செல்லக்கூடாது. வணிகம் செய்ய உரிமையின்றி, மீன்பிடித்தும் சுமை தூக்கியும் பிழைத்த அவர்கள், வழியில் மேற்குடியினரோ செட்டியோ எதிர்ப்பட்டால் தரையில் விழுந்து கிடந்து, அவர் கடந்துபோன பிறகே எழுந்தனர்.