மானிப்பாய் மருத்துவரும் தமிழ்ச் சொல்லும்

கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப்பகுதியினர்க்குக் கிறித்தவ மருத்துவப்பணி என்றதும் திருக்கோவலூர் டேனிஷ் மிஷன் மருத்துவமனை நினைவிற்கு வரும். அப்பணி தமிழுக்கு ஆற்றியதை அறிய யாழ்ப்பாணம் நோக்குதல் வேண்டும்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸில் 1822இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயை இருப்பிடமாகக் கொண்டு நோய் தீர்த்ததோடு மாணவர்க்கு ஆங்கிலவழி மருத்துவமும் பயிற்றினார். 1864 முதல் தமிழிலேயே பயிற்றினார். ஊராரிடையே வாழ்ந்து மருத்துவம் செய்ய வேண்டியவர் ஊரார் மொழியிலேயே கற்றல் வேண்டும் என்பது அவர் துணிபு.

பாடநூல் வேண்டுமே! மாணவர் துணையுடன் மொழிபெயர்ப்பில் இறங்கினார். 'இரணவைத்தியம்' 1867இலும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872இலும் வெளிவந்தன. தமிழ்ச்சொல் உண்டாயின் அதுவே, இல்லையேல் வடசொல், அதுவும் பொருந்தாவிடின் ஆங்கிலச்சொல்லைத் தமிழோசைக்கு இயையத் திரித்தல் என்பது அவர் முறை. 1875இல் வெளிவந்த 'கெமிஸ்தம்' மூன்றாவதற்குச் சான்று. வேதியியல் எனப் பழகிய செவிக்கு அப்பெயர் நகைப்பூட்டலாம். ஆயினும் அயற்சொல்லுக்குத் தமிழ் ஈறு பூட்டிய துணிவு, வெறும் எழுத்துப்பெயர்ப்போடு அமையும் இக்காலச் சோம்பலினும் மேலானது. 'இரணம்' என்பதில் ரகரம் மொழிமுதல் வாராமை கருதி இகரம் முன்னிற்றலையும் சொல்லாய்வார் நோக்குக.

அவர் சமயம் பரப்ப வந்தவர் என்பதை மறைத்தல் வேண்டா. மருந்தும் வேதாகமமும் அவர்க்கு ஒரே ஊழியம். ஆனால் கிறித்தவராவோர் உடையிலும் வாழ்முறையிலும் ஐரோப்பியராவதை அவர் விரும்பவில்லை.

1873இல் தாயகம் மீண்ட பின்னும் தமிழ் நூற்பணியைக் கைவிட்டாரல்லர். 1884இல் மறைந்தார். தமிழர்க்கு மருத்துவ ஊழியர் எனத் தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள்.